அடி ஒலி யாருக்குச் சொந்தம்? மெட்டல் ஆல்பம் பதிவுக்குச் சில கணக்குகள்

புது ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குள் போகிற மெட்டல் பேண்டுகள் பல, முதல் நாளே ஒரே தப்பைச் செய்கின்றன. ஒத்திகை அறையில் வைத்திருந்த ஆம்ப் செட்டிங்கை அப்படியே கொண்டுவந்து மைக் முன்னால் வைத்துவிடுகிறார்கள். கெயின் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) எட்டில், பேஸ் (அடி ஒலி) குமிழ் ஏழில், மிட் (நடு ஒலி) குமிழ் இரண்டில். தனியாக வாசித்தால் சுவர் அதிரும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்த பிறகு அந்தக் கிட்டார் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். காலால் அடிக்கிற கிக் டிரம்மோ போர்வைக்குள் அடித்த மாதிரி கேட்கும். உடனே கிட்டாரை இன்னும் ஏற்றுவார்கள். இன்னும் கலங்கும்.

40 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடம் சின்னது. கிக், பேஸ் கிட்டார், கிட்டாரின் பாம் மியூட் (உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அடக்கி வாசிப்பது) மூன்றும் அங்கேதான் உட்காரப் பார்க்கின்றன. மூன்றுக்கும் இடம் கொடுத்தால் மூன்றுமே கேட்காது. கேட்பவர் ‘என்ன ஒரு கிட்டார் டோன்’ என்று வியக்கிற கனத்தில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. இதை ஒப்புக்கொள்ள கிட்டார்காரர்களுக்கு மனசு வராது. சந்தேகமிருந்தால், கிட்டார் மட்டும் தனியே தொடங்கி நாலு பார் கழித்து பேஸ் கிட்டார் நுழைகிற ஏதாவது ஒரு பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கிட்டாரில் ஒன்றுமே மாறியிருக்காது, ஆனால் அதுதான் திடீரென்று பருத்த மாதிரி தோன்றும்.

அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது சுருதியும் கம்பியும். இறக்கிய சுருதி இந்த இசைக்குள் வந்ததே ஒரு விபத்தின் தொடர்ச்சி. பிளாக் சபாத்தின் டோனி அயோமி தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கை அதுதான். மெல்லிய கம்பி, தளர்ந்த சுருதி இரண்டும் அவருக்கு வசதியாக இருந்தன. 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகள் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைஸ்வரம் கீழே. அதன்பின் ஐம்பது வருடமாக ஆளாளுக்குப் போட்டி போட்டு இறக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இறக்குவதில் தப்பில்லை. கம்பியை மாற்றாமல் இறக்குவதுதான் தப்பு. ஒரே கம்பியில் இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கேற்ப மாறும். வழக்கமான ஈ சுருதியில் கீழ்க்கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதை ட்ராப் சி என்ற சுருதிக்கு, அதாவது நான்கு அரைஸ்வரம், இறக்கினால் 65.4. விகிதம் 0.79, அதன் வர்க்கம் 0.63. ஆக 46 அளவுக் கம்பியில் (0.046 அங்குலத் தடிமன்) சுமார் 8 கிலோ இருந்த இழுவிசை 5 கிலோவாகிவிடும். அப்படித் தொங்குகிற கம்பியை ஓங்கி அடித்தால் தொடக்கத்தில் சுருதி மேலே ஏறி, பிறகுதான் கீழே வந்து உட்காரும். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) முழுக்க இப்படியே போனால் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் அபஸ்வரம். இரண்டு கிட்டார் சேரும்போது அது நாறிப்போகும். பழைய இழுவிசையே வேண்டுமென்றால் 46-ஐ 0.79-ஆல் வகுங்கள், 58 வரும். கடையில் கிடைக்கிற 11-56, 12-60 செட்டுகள் இந்தக் கணக்கை ஒட்டியவைதான். தடித்த கம்பி போட்ட பிறகு நட்டில் (கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) உள்ள பள்ளம் போதுமா என்று பாருங்கள். கம்பி அதில் சிக்கி ‘டிங்’ என்று விடுபட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். இன்டொனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக நிற்பதையும்) திரும்பச் சரிசெய்ய வேண்டும்: 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தது ட்யூனரில் கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜ் சாடிலை (மறுமுனையில் கம்பி உட்காரும் துண்டை) பின்னுக்குத் தள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் முன்னுக்கு.

ட்யூன் செய்யும்போது மெல்ல மீட்டி, ஊசி நிலைக்கும்வரை காத்திருந்து செய்யாதீர்கள். ரிஃப்பில் எந்த வேகத்தில் அடிப்பீர்களோ அதே வேகத்தில் அடித்து, அடித்த கணத்தில் ட்யூனர் என்ன காட்டுகிறது என்று பார்த்துச் சேருங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே இது நடக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பதிவில் பிறகு மென்பொருளால் திருத்துவதற்கு மிகக் கடினமானது இது. டிஸ்டார்ஷன் ஏறிய கார்டுக்குள் ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்து நிமிர்த்துவது சுலபமில்லை.

சுருதியை எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு வேகமும் ஒரு வரம்பு வைக்கிறது. 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 தாளத்துடிப்பு) பாட்டில் பதினாறாம் பங்கு அடி ஒன்றுக்குக் கிடைக்கிற நேரம் 75 மில்லிசெகண்ட். ட்ராப் சி கிட்டாரின் கீழ்ஸ்வரத்துக்கு ஒரு அலை முடிய 15 மில்லிசெகண்ட் ஆகும், ஆகவே அடிக்கு ஐந்து அலை. பேஸ் கிட்டார் ஒரு ஸ்தாயி கீழே, 32.7 ஹெர்ட்ஸில், அலைக்கு 30 மில்லிசெகண்டுக்கு மேல். அதற்குக் கிடைப்பது இரண்டரை அலைதான். காது அதை ஸ்வரமாகப் பிடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடும். வேகமான பாட்டு கீழ்ச் சுருதியில் ‘கொழகொழ’ என்று ஆவதற்கு மிக்ஸ் பொறியாளர் காரணமில்லை, இந்த எண் காரணம். தீர்வு இரண்டு. வேகப் பகுதியில் பேஸ் கிட்டார் எல்லா அடியையும் வாசிக்காமல் எட்டாம் பங்குகளோடு நிற்கலாம். அல்லது அந்தப் பாட்டை மட்டும் ஒன்றிரண்டு அரைஸ்வரம் ஏற்றிவிடலாம். மெதுவான டூம் பாட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்குங்கள்.

அடுத்தது கெயின். பதிவில் கிட்டார் ஒரு தடவை வாசிக்கப்படுவதில்லை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, சில ஆல்பங்களில் பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றின் டிஸ்டார்ஷனும் மற்றதன்மேல் அடுக்கும். மேடையில் எட்டில் இருந்த கெயின் பதிவில் ஐந்தில் இருந்தால் போதும், நாலு ட்ராக் என்றால் நாலரை. கெயின் குறைந்தால் வாசிப்பில் உள்ள ஓட்டை தெரியும் என்று பயப்படுவார்கள். தெரியத்தான் வேண்டும். பிக் கம்பியில் படுகிற சத்தம் கேட்டால்தான் ரிஃப்புக்கு முனை இருக்கும்.

முனையைக் கூர்மையாக்க எல்லோரும் செய்வது ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை ஆம்ப்புக்கு முன்னால் போடுவது. ட்ரைவ் குமிழ் பூஜ்யத்தில், லெவல் முழுக்க மேலே, டோன் நடுவில். ட்ரைவே இல்லாத ஓவர்ட்ரைவ் பெடல் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். அந்தப் பெடலின் கிளிப்பிங் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைப் படிப்படியாகக் குறைக்கிறது. அதாவது ஆம்ப்பின் ட்யூப்களுக்குள் போகும் முன்பே அடி ஒலி மெலிந்துவிடுகிறது. அடி ஒலி டிஸ்டார்ட் ஆனால்தான் பாம் மியூட் சொதசொதவென்று ஆகும். முன்னால் மெலிந்தால் பின்னால் இறுகும். ஆம்ப்புக்குப் பிறகு ஈக்யூவில் (ஒலிப் பட்டைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) வெட்டுவதும் இதுவும் ஒன்றல்ல. அழுக்கு உண்டான பிறகு துடைப்பதற்கும் அழுக்கே ஆகாமல் பார்த்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கு நேர் எதிரான வழியிலும் மகத்தான ஆல்பங்கள் வந்திருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டாக்ஹோமில் சன்லைட் ஸ்டுடியோவில் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்த என்டோம்ப்ட் பேண்டின் 1990 முதல் ஆல்பத்தில், பாஸ் எச்எம்-2 பெடலின் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருப்பிவிட்ட அந்த ரம்ப ஒலிதான் ஒரு தனி வகையையே உண்டாக்கியது. ஆனால் அந்த ஒலிக்கேற்ற ரிஃப் வேறு: நீண்ட ட்ரெமலோ (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக அடிப்பது), உருண்டு வரும் கார்டுகள். துண்டுதுண்டாக வெட்டி நிறுத்துகிற ரிஃப்பை அந்த டோனில் வாசித்தால் இடைவெளிகள் எல்லாம் இரைச்சலால் நிரம்பிவிடும்.

இடைவெளி என்றதும் இன்னொன்று. ரிஃப் நிற்கிற இடத்தில் கம்பி முழுக்க அடங்கியிருக்க வேண்டும். நாய்ஸ் கேட்டை (ஒலி தணிந்ததும் வழியை மூடும் கருவியை) மட்டும் நம்பினால் அது ஸ்வரத்தின் வாலையும் சேர்த்து வெட்டும். நட்டுக்கு அருகே கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு துணி அல்லது முடி வளையத்தைச் சுற்றிவிடுங்கள். ட்ரெமலோ பிரிட்ஜ் என்றால் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகளுக்கு இடையே ஸ்பாஞ்சு துண்டைச் சொருகுங்கள். அந்த ஸ்பிரிங்குகள் ரிஃப் நின்ற பிறகும் கிணுகிணுத்துக்கொண்டிருக்கும், அதிக கெயினில் அது தெளிவாகப் பதிவாகும்.

இரட்டை ட்ராக்குக்கு முதல் டேக்கை நகலெடுத்து மறுபக்கம் வைப்பது வேலைக்காகாது. ஒரே அலை இரு பக்கமும் வந்தால் அது மோனோ, நடுவில் போய் உட்காரும். நகலைச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் அகலம் வந்த மாதிரி இருக்கும், மோனோவில் கேட்கும்போது டோனில் குழி விழும். இரண்டாவது தடவை வாசிப்பதைத் தவிர குறுக்குவழி இல்லை. இரண்டு கிட்டார்காரர்கள் இருந்தாலும் ரிதம் பகுதிகளை ஒருவரே வாசித்துவிடுவது பல ஆல்பங்களில் நடப்பதுதான், பிக் பிடிக்கிற கோணம்கூட ஒத்துப்போகும் என்பதால். கௌரவப் பிரச்சினை கிளம்பினால் சோலோக்களைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கேபினட் முன்னால் மைக் வைப்பதற்கு ஷூர் எஸ்எம்57 ஒன்றே போதும். கூம்பின் நடுவில் உள்ள வட்ட மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் தொடங்குங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை கூடும், வெளியே நகர்த்தினால் மங்கும். ஒரு சென்டிமீட்டர் நகர்வு, ஆம்ப்பின் ட்ரெபிள் குமிழை இரண்டு எண் திருப்பியதற்குச் சமமாகக்கூட இருக்கலாம். இரண்டாவது மைக் வைத்தே தீருவேன் என்றால் இரண்டும் கூம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். 3.4 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒலி 0.1 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். சேர்த்துக் கேட்கும்போது 5,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். பிக்கின் கூர்மை இருக்கிற இடமே அதுதான். சரிபார்க்க, ஒரு மைக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ் திசையை) திருப்பிவிட்டு இரண்டையும் ஒரே அளவில் கேளுங்கள். ஒலி எந்த இடத்தில் மிகவும் மெலிகிறதோ அங்கே மைக்கை நிறுத்திவிட்டு, போலாரிட்டியைப் பழையபடி ஆக்குங்கள்.

என்ன டோன் பிடித்திருந்தாலும் கிட்டாரின் டி.ஐ. சிக்னலையும் (ஆம்ப்புக்குப் போகும் முன்பே எடுத்த சுத்த ஒலியையும்) தனி ட்ராக்கில் கூடவே பதிந்து வையுங்கள். மூன்று வாரம் கழித்து டோன் சரியில்லை என்று தெரிந்தால் அதை ஆம்ப் வழியாகத் திரும்ப ஓட்டலாம், வாசித்தவரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

இப்போது பேஸ் கிட்டார். இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மெட்டாலிக்காவின் 1988 ஆல்பத்தைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஜேசன் நியூஸ்டட் வாசித்த பேஸ் அதில் இருக்கிறது, ஆனால் கேட்காது. ரிஃப்புகள் அபாரமானவை, வாசிப்பு கத்தி மாதிரி. ஒலி மட்டும் எலும்பும் தோலும். மிக்ஸ் செய்தவர்கள் வைத்திருந்த அளவிலிருந்து பேண்டே கேட்டுக் குறைக்கச் சொன்னது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வறட்சியே பிடிக்கும் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும், அதை உங்கள் ஆல்பத்தில் முயற்சி செய்ய வேண்டாம்.

பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி கட்டாயம். பழைய கம்பியில் மேல்ஒலி செத்துப்போயிருக்கும், அதை ஈக்யூவில் உயிர்ப்பிக்க முடியாது. விரலா பிக்கா என்ற சண்டையில் என் ஓட்டு பிக்குக்கு, வேகமான ரிஃப்பில் ஒவ்வொரு அடியும் ஒரே அளவில் வரும் என்பதற்காக மட்டும். டி.ஐ.யை இரண்டு ட்ராக்காகப் பிரியுங்கள். ஒன்றில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் வெட்டிவிட்டு, டிஸ்டார்ஷன் இல்லாமல், கம்ப்ரெஸ்ஸரில் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவியில்) ஆடாமல் அசையாமல் கட்டிப்போடுங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அளவு இரண்டு டெசிபெலுக்கு மேல் மாறக்கூடாது. மற்றதில் 200-க்குக் கீழே வெட்டிவிட்டு, தாராளமாக டிஸ்டார்ஷன். இந்த இரண்டாவதுதான் கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு கிட்டாரைப் பருக்க வைக்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் 32 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஆனால் அதன் மேல்ஸ்வரங்கள் கேட்டால் காது அடிஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். டிஸ்டார்ஷன் ப்ளக்-இன் சில நேரம் சிக்னலைத் தாமதப்படுத்தும் அல்லது தலைகீழாக்கும். இரண்டு ட்ராக்கையும் சேர்த்ததும் ஒலி மெலிந்தால், அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒன்றை நகர்த்திச் சரி செய்யுங்கள்.

டிரம்ஸில் பணமும் நேரமும் கரைவது கிக்கிலும் சிம்பலிலும். புதுத் தோல் மாற்றி, பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்க்க வேண்டும். டிரம்மரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தோலை ஓங்கி அடியுங்கள், சிம்பலை மெல்ல. சிம்பலை வெளுத்து வாங்கினால் அது ஸ்நேர் மைக், டாம் மைக் எல்லாவற்றிலும் புகுந்துவிடும். பிறகு ஸ்நேரைத் தூக்கினாலே ஹை-ஹேட்டும் சேர்ந்து எழும். கிக்குக்கு ‘டக்’ என்ற முனை வேண்டும் என்றால் பீட்டர் (பெடலின் சுத்தி) படுகிற இடத்தில் தோலின்மேல் கடினமான ஒட்டுத்தகடு, மரம் அல்லது பிளாஸ்டிக் பீட்டர். இந்த முனை 4,000 முதல் 8,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. டபுள் கிக்கில் அடிகளைப் பிரித்துக் காட்டுவது அதுதான், கீழே உள்ள ‘தும்’ அல்ல.

கிக்கோடு சாம்பிள் (முன்பே பதிந்த அடி) சேர்ப்பது இன்று ஊரறிந்த ரகசியம். மெஷுகா பேண்டின் 2005 ஆல்பத்தில் டிரம்ஸ் முழுவதுமே கணினியில் எழுதப்பட்டவை. ஆனால் சேர்க்கும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சாம்பிள் அசல் அடியைவிட 5 மில்லிசெகண்ட் பிந்தினால் 100 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு கிக் சேர்ந்து ஒரு கிக்கைவிட மெலிந்து கேட்கும் விநோதம் இப்படித்தான் வருகிறது. மற்றது, ஒரே சாம்பிளை ஒரே அளவில் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டால் தையல் மெஷின் மாதிரி ஆகும். குறைந்தது ஐந்தாறு வேறு அடிகள் மாறிமாறி வர வேண்டும். வேகப் பகுதியில் அசல் டிரம்மருடைய அடியின் பலம் குறையும் என்பதால், சாம்பிளிலும் அளவைக் கொஞ்சம் குறைத்தால்தான் மனுஷன் வாசித்த மாதிரி இருக்கும்.

குரலைப் பற்றிச் சுருக்கமாக. க்ரௌல் (உறுமல்), ஸ்க்ரீம் (அலறல்) இரண்டும் இயல்பிலேயே அளவு மாறாத ஒலி, ஆனாலும் கம்ப்ரெஸ்ஸர் தாங்கும். விலையுயர்ந்த கண்டென்சரைவிடக் கையில் பிடிக்கிற டைனமிக் மைக்கில் பாடகர் நன்றாகச் செய்தால் அதையே கொடுங்கள். மைக்கின் கூண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள், நடுப்பகுதி மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும். தொண்டையை உடைக்கிற பகுதிகளை ஒரே நாளில் அடுக்காமல், ஒன்றிரண்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். வலித்தால் உத்தி தப்பு என்று அர்த்தம்.

மிக்ஸில் ஆரம்பக் கேள்விக்குத் திரும்பி வருகிறோம். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மேலே 8,000 முதல் 10,000-இல். வெட்டிய கிட்டாரைத் தனியாகக் கேட்காதீர்கள், மனசு உடையும். மீதியிருக்கிற பிரச்சினை பாம் மியூட்: திறந்த கார்டில் இல்லாத ஒரு வீக்கம் 100 முதல் 250 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அடிக்கும் எழும். ஈக்யூவில் நிரந்தரமாக வெட்டினால் கார்டுகள் ஒல்லியாகும். மல்டிபேண்ட் கம்ப்ரெஸ்ஸரில் அந்தப் பட்டையை மட்டும் திறந்து, பாம் மியூட்டில் 3 முதல் 5 டெசிபெல் அமுங்கி, திறந்த கார்டில் அசையாமல் இருக்கும்படி த்ரெஷோல்டை (அமுக்கம் தொடங்கும் எல்லையை) வையுங்கள். பிறகு கிக்குக்கும் பேஸ் கிட்டாருக்கும் பாகப்பிரிவினை. கிக் 60-ஐச் சுற்றி என்றால் பேஸ் 90-ஐச் சுற்றி, அல்லது தலைகீழாக. வேகமான ஆல்பத்தில் கிக் மேலேயும் பேஸ் கீழேயும் இருப்பது நல்லது, கிக்குக்கு நீளமான வால் தேவையில்லை என்பதால்.

கடைசியில் சத்த அளவு. மெட்டாலிக்காவின் 2008 ஆல்பம் கிளிப் ஆகி நசுங்கிய ஒலிக்காக ரசிகர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க ஏதுவாகிவிட்டது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், மிக்ஸே அப்படித்தான் தன் கைக்கு வந்தது என்றார். பாடம் அதில்தான்: மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் சேரும் வழியில்) லிமிட்டரை (உச்சத்தை அமுக்கும் கருவியை) போட்டு மிக்ஸ் செய்தாலும், அனுப்பும்போது அதைக் கழற்றிவிட்டு, உச்சம் -6 டெசிபெலுக்கு அருகே நிற்கிற 24 பிட் ஃபைலாக அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாப் பாட்டையும் கொண்டுவருகிறது. -7-இல் மாஸ்டர் செய்த ஆல்பத்தை அது 7 டெசிபெல் குறைத்துவிடும். நசுக்கியதில் போன ஸ்நேர் அடி மட்டும் திரும்பி வராது. மெட்டலுக்கு -14 மிகவும் தளர்வு என்பதும் உண்மைதான், டிஸ்டார்ஷன் கிட்டாரின் அடர்த்தியே அதைத் தாண்டிவிடும். -9 அல்லது -10, உச்சம் -1 டெசிபெல் ட்ரூ பீக் (அலையின் நிஜ உச்சம்) என்பது சண்டை இல்லாத இடம்.

வினைலிலும் வெளியிடுவதாக இருந்தால் பாட்டு வரிசையை மிக்ஸ் முடியும் முன்பே முடிவு செய்யுங்கள். 33 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு 20 நிமிடத்தைச் சுற்றி நிறுத்தினால் ஒலி அளவு தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் போகப் போக அளவையும் அடி ஒலியையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது மோனோவாக இருக்கட்டும், இல்லையென்றால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளும். தட்டின் உட்புறப் பள்ளங்கள் ஊசிக்கடியில் மெதுவாக நகர்வதால் அங்கே மேல்ஒலி கரகரக்கும். ஆகவே பக்கத்தின் கடைசிப் பாட்டாகச் சிம்பல்கள் கொட்டுகிற வேகப் பாட்டை வைக்காதீர்கள். மெதுவாக ஊர்ந்து வருகிற பாட்டு ஒன்று எல்லா ஆல்பத்திலும் இருக்குமே, அதை அங்கே போடுங்கள்.